ஆஃபர் முடியட்டும்

மரச்சாமான் கடையில் அவருக்கு எல்லாரும் சேர்ந்து வைத்த பெயர் கேரண்டி. கடையின் மூத்த விற்பனையாளர். நாற்காலியைப் பார்த்து வாடிக்கையாளர் முகம் சுளித்தால் கேரண்டி தன் ஓயாத பேச்சை நிறுத்திவிடுவார். போய் அதில் தொப்பென்று உட்காருவார். பிறகு ஒரு காலைத் தூக்கி, முழு எடையும் ஒரு பக்கம் சாயும்படி ஆட்டிக் காட்டுவார். நாற்காலி முனகாது. அதற்கு மேல் யாருக்கும் கேள்வி இருக்காது. கம்பெனிக்காரன் அச்சடித்துக் கொடுக்கும் உத்தரவாதச் சீட்டை யார் படிக்கிறார்கள்? கண்ணெதிரே ஆளே உட்கார்ந்திருக்கிறாரே.

இப்படிப்பட்டவரை, இரைப்பையைச் சின்னதாக்கும் ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னதில் அதிகம் இடிந்துபோனவர் முதலாளிதான்.

"உடம்புதான்பா முக்கியம். ஆனா இந்த ஆஃபர் முடியட்டும். நீ இளைச்சுட்டா இந்த சோபாவ யாரு நம்புவா?"

அந்தக் கடையில் ஆஃபர் முடிந்ததாகச் சரித்திரமே கிடையாது. ஒரு பேனர் இறங்குவதற்குள் அடுத்தது ஏறிவிடும். கேரண்டிக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. ஆபரேஷன் என்றாலே அவருக்கு உதறல். அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு, கடைமேல் பழியைப் போட்டு நாள் கடத்தினார்.

டாக்டர் விடவில்லை. சர்க்கரை, முட்டி வலியெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது, தள்ளிப்போடத் தள்ளிப்போட ஆபத்து என்றார். அதற்காகக் கொடுத்த கருவியை முகத்தில் மாட்டினால் மூச்சு முட்டுகிறது என்று கேரண்டி அலமாரி மேல் ஏற்றிவிட்டிருந்தார்.

"மூச்சு நின்னா எனக்குத் தெரியாதா டாக்டர்?"

டாக்டர் அவருடைய மனைவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"அடுத்த தடவை வரும்போது ஒரு தேதியோட வாங்க," என்றார் டாக்டர்.

அடுத்த தடவையும் வந்தது. மாலையில் கடையிலிருந்தே இருவரும் கிளம்புவதாக ஏற்பாடு. மனைவி கொஞ்சம் முன்னதாகவே வந்துவிட்டாள். கடையில் நல்ல கூட்டம். "அந்தக் கட்டில்ல உக்காரும்மா, இதோ வந்துடறேன்," என்று சொல்லிவிட்டு, ஒரு புதுத் தம்பதியிடம் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். டாக்டரிடம் சொல்லப்போகும் பதிலும் தயாராக இருந்தது. பழைய பதில்தான்.

சோபாவில் உட்கார்ந்து ஆட்டிக் காட்டிவிட்டுத் தம்பதியைக் கட்டில் பக்கம் அழைத்து வந்தார். மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் சாய்ந்து, வாயைத் திறந்தபடி, அடித்துப் போட்டது போலத் தூங்கிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேல் அத்தனை விளக்குகள், ஸ்பீக்கரில் பாட்டு, பக்கத்தில் பேரம். எதுவும் அவளைத் தொடவில்லை.

"மெத்தை அருமையா இருக்கும் போலயே," என்றாள் புதுப்பெண்.

அதே மெத்தைதான் வேண்டும் என்றார்கள். முதலாளி ஓடி வந்து கேரண்டியின் காதோரம், "பில் போடற வரைக்கும் தங்கச்சிய எழுப்பிடாதே," என்றார்.

பில் போட்டாயிற்று. கேரண்டி குனிந்து மனைவியின் தோளைத் தொட்டார். அவள் கண்ணைத் திறக்கவில்லை. கை மட்டும் எழுந்து, தட்டுத் தடுமாறாமல், நேராக அவர் மூக்குக்குக் கீழே போய் நின்றது. காற்று பட்டதும் இறங்கியது.

"என்னம்மா பண்ற?"

அவள் எழுந்து உட்கார்ந்து முடியை ஒதுக்கிக்கொண்டாள். "பழக்கங்க. நைட்ல உங்களுக்கு நின்னுடும். விலாவுல ஒரு இடி இடிச்சா திரும்ப வரும்."

"எவ்வளவு நாளா?"

"பழைய வீட்லேர்ந்தே."

விலா வலிக்கு அவர் இத்தனை காலமும் கடை நாற்காலிகளைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்.

"அப்ப நீ எப்பதான் தூங்குவ?"

"இப்பத் தூங்கினேனே."

"இந்தச் சத்தத்துலயா?"

"நீங்க பேசறது காதுல விழுந்துக்கிட்டே இருந்துச்சு. பேசற ஆளுக்கு மூச்சு இருக்கும்ல?"

நாள் முழுக்கப் பேசியே பிழைக்கிறவருக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. அவர் பேச்சு நின்றதும் அவள் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வழக்கம்போல், "எப்ப வச்சுக்கலாம்?" என்றார்.

"உங்களுக்கு முதல்ல எந்த நாள் ஒழியுதோ, அன்னிக்கு," என்றார் கேரண்டி. "பயமாத்தான் இருக்கு டாக்டர். இருந்துட்டுப் போகட்டும்."

ரத்தப் பரிசோதனைக்காக வெளியே பெஞ்சில் காத்திருக்கச் சொன்னார்கள். உட்கார்ந்ததும் கேரண்டி சோபா ஸ்பிரிங்கில் எத்தனை வகை உண்டு என்று ஆரம்பித்தார். அது முடிந்ததும் பஞ்சுக்குப் போனார், பிறகு மரத்துக்கு. எதிரே இருந்தவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். கேரண்டி நிறுத்தவில்லை. அவர் தோளில் சாய்ந்து அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.