முகத்துவாரத்தில் நின்ற புள்ளி

எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் ரூத்தைத் தெரியாதவர் இல்லை. மீன்காரர் மகள், மீன்காரர் பெண்டாட்டி. ராயபுரத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் செயலி எழுதும் வேலை. கடலுக்குப் போன படகு எங்கே இருக்கிறதென்று கரையில் இருப்பவர்கள் போனில் பார்க்கிற மாதிரி ஒன்றைச் செய்து, குப்பத்தில் எல்லோர் போனிலும் தன் கையாலேயே ஏற்றிக் கொடுத்தாள். ஒரு படகுக்கு ஒரு புள்ளி. புள்ளி நகர்ந்தால் நல்லது, நின்றால் ஏதோ கோளாறு என்று அவள்தான் சொல்லியும் வைத்தாள்.

ஏற்றின மறுநாளே, முதல் ஆளாகக் கடலுக்குப் போன அவள் அண்ணன் நெல்சனின் புள்ளி முகத்துவாரத்தில் போய் நின்றது. இருட்டோடு போன படகு, தாண்டினதை யாரும் பார்க்கவில்லை. படகு கவிழ்வதென்றால் அங்கேதான் கவிழும். மணல்மேட்டில் அலை மடங்கி விழுகிற இடம். வெயில் ஏறியும் புள்ளி அசையவில்லை. வாடைக்காற்று வேறு வலுத்தது.

அண்ணி கரோலின் போனை நீட்டிக்கொண்டு வந்தாள்.

"ரூத்து, புள்ளி அங்கியே நின்னுகினு கீது. அந்த எடத்துல படகக் காணோம்."

"போன்ல எதனா கோளாறா இருக்கும் அண்ணி."

"எதனாவா? செஞ்சவ நீதான. ஆளு கவுந்தானா போன் கவுந்துச்சான்னு சொல்லு."

அதைத்தான் அவளால் சொல்ல முடியவில்லை. அண்ணனைப் போனில் கூப்பிட்டுப் பார்த்தாள். ரிங் போனது, எடுக்க ஆளில்லை. உப்புத் தண்ணீர் படாமல் பாலிதீனில் சுற்றி டப்பாவில் போட்டு மூடிய போன், இன்ஜின் சத்தத்தில் யார் காதில் விழும்?

லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தாள். குழம்பு நாம் வைத்தாலும் மசாலாப் பொடி கடைப் பொட்டலம்தானே? அப்படித்தான் இதுவும். திரை அணைந்த பிறகும் உள்ளே விழித்திருந்து இடத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும் சர்வீஸை அவள் எழுதவில்லை. வேறு யாரோ எழுதி விற்ற லைப்ரரி என்கிற நிரல் பொட்டலத்துக்குள் அது அடைபட்டு வந்தது. தன் போனின் திரையை அணைத்துக்கொண்டு கரையோரம் நடந்தாள். புள்ளியும் கூடவே நடந்தது. அவளிடம் அது என்றைக்கும் ஒழுங்காகத்தான் இருக்கும்.

அவள் புருஷன் ஆசீர்வாதத்துக்குப் பொறுக்கவில்லை. "நீ பொட்டலத்தப் பிரிச்சிகினு இரு. நான் போயி மச்சானப் பாத்துட்டு வரேன்."

"போய்யா," என்றாள். வேறு என்ன சொல்வாள்?

கூப்பிடு தூரத்தில் போன அவன் படகைக் கண்ணாலும், புள்ளியைப் போனிலும் பார்த்தாள். தேங்கின பழசு எதையும் ஏற்றிக்கொண்டு முகத்துவாரம் தாண்டக்கூடாது என்பது அங்கே வழக்கம். ஆசீர்வாதமும் படகின் அடித்தண்ணீரை இறைத்துக் கொட்டினான். சிலுவை போட்டுக்கொண்டான். டப்பாவிலிருந்து போனை எடுத்து, அதிலும் பழசு வேண்டாமென்று, திறந்து கிடந்த செயலிகளையெல்லாம் கட்டைவிரலால் மேலே தள்ளித் துடைத்துவிட்டு மூடினான். படகு அலையில் எகிறித் தாண்டிப் போயிற்று. புள்ளி மட்டும் அங்கேயே நின்றுவிட்டது.

ரூத் தன் போனிலும் அதே மாதிரி துடைத்தாள். அவள் புள்ளியும் நின்றது. போனைத் துடைக்கும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. சோதித்ததெல்லாம் துடைக்காத போனில். பொட்டலத்தைப் பிரித்தால், 'செயலியைத் தள்ளினால் நானும் நிற்பேன்' என்று சர்வீஸின் பேருக்குப் பக்கத்திலேயே ஒரு வரி. அதை மாற்றி எழுதினாள். துடைத்தாள். புள்ளி நிற்கவில்லை. ஆனால் புதுசை ஏற்ற போன் கைக்கு வர வேண்டுமே. புருஷன் போன் கடலில்.

உச்சிவெயிலில் நெல்சன் வந்தான். மீனைக் காசிமேட்டுத் துறைமுகத்தில் விற்றுவிட்டு வருகிறானாம்.

"இன்னா எல்லாம் வரிசையா நிக்கிறீங்க, எனக்கு மாலை போடவா?"

"உன்னத் தேடிக்கினு அவரு போயிட்டாரு அண்ணே."

நெல்சன் கடலைப் பார்த்தான். அவன் சிரிப்பு போய்விட்டது. "அந்த ஓட்ட இன்ஜின வெச்சிகினா? இந்தக் காத்துலயா?"

மச்சானைத் தேடிப் போக அவன் டீசல் ஊற்றுகிற நேரத்தில் ரூத் அவன் போனை வாங்கிப் புதுசை ஏற்றினாள். "தொடச்சாலும் இனிமே நிக்காது. நீ எங்க கீறன்னு நான் பாத்துகினே இருப்பேன்."

"பாரு, பாரு," என்று போனான்.

முகத்துவாரத்தில் தண்ணீரைக் கொட்டினான், சிலுவை போட்டான், போனைத் துடைத்தான். புள்ளி நின்றது.

கரோலின் எட்டிப் பார்த்தாள். "இன்னாடி, சரி பண்ணிட்டன்னியே?"

ரூத்துக்குப் புரிந்தது. அண்ணனுடையது வேறு கம்பெனி போன். அதில் துடைத்தால், பேட்டரியை மிச்சம் பிடிக்க அந்தப் போனே உள்ளே ஓடுவதையெல்லாம் சேர்த்துக் கொன்றுவிடும்.

"பொட்டலத்த மாத்திட்டேன் அண்ணி. இது போனு செஞ்சவன் வெச்ச வேல. அத என்னால தொட முடியாது."

"அப்ப ரெண்டு பேரும் எங்க கீறாங்க?"

"தெரியல."

கரோலின் திட்டவில்லை. போனை இடுப்பில் செருகிக்கொண்டு, "வா, அலைத்தடுப்புக் கல்லு மேல ஏறிப் பாக்கலாம்," என்றாள். காற்றில் புடவை படபடக்க இருவரும் ஏறினார்கள். மணல்மேட்டுக்கு அப்பால் படகு எதுவும் இல்லை, அலைதான் தெரிந்தது.