நூற்றுப் பதினெட்டாவது வரி

வீட்டில் அவளுக்கு அகராதி என்று பெயர். படிப்பாளி என்று மெச்சி வைத்த பெயர் என்று வெளியாள் நினைக்கலாம். அப்படியெல்லாம் இல்லை. ஏழு வயதில் எதைச் சொன்னாலும் எதிர்த்துப் பேசினாள் என்று அம்மா எரிச்சலில் வைத்தது. பிறகு அவள் பிரெஞ்சு படித்து மொழிபெயர்ப்பையே பிழைப்பாக்கிக்கொண்டதும் பெயர் தானாகப் பொருந்திப்போனது. நாற்பத்தாறு வயதிலும் தம்பியின் பிள்ளைகள் 'அகராதி அத்தை' என்றுதான் கூப்பிடுகின்றன.

மொழிபெயர்ப்பாளர் என்றதும் சொந்தக்காரர்கள் முகம் மலர்ந்து, "கதையா, கவிதையா?" என்பார்கள். "நீச்சல் குளத்துல போடற மருந்து" என்பாள் அவள். மலர்ந்த முகம் அப்படியே சுருங்கும். பதினாறு வருஷமாக இதே வேலைதான். டப்பாவில் ஒட்டும் லேபிள், உள்ளே வைக்கும் சீட்டு, எச்சரிக்கைக் குறிப்பு எல்லாம் பிரெஞ்சில் வரும், ஆங்கிலத்தில் போகும். இதில் வேடிக்கை, அவள் இன்றுவரை ஒரு நீச்சல் குளத்தில் கால் நனைத்ததில்லை.

ஆனால் அந்தச் சொற்களின் மேல் அவளுக்கு ஒரு பிரியம் உண்டு. குளோரின் வில்லையை பிரெஞ்சுக்காரர்கள் கூழாங்கல் என்பார்கள். குளத்துத் தண்ணீர் பச்சையாகிக் கெட்டுப்போனால், பால் கெட்டதற்குச் சொல்கிற அதே சொல்லைத் தண்ணீருக்கும் சொல்வார்கள். ஆங்கிலத்தில் அது ஒட்டாது, 'பச்சையாகிவிட்டது' என்று சப்பென்று எழுத வேண்டும். தமிழில் 'திரிஞ்சுபோச்சு' என்றால் முடிந்தது கதை. தமிழில் யார் கேட்டார்கள்?

வேலை நடக்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவள் மாட்டிக்கொண்டது புரியாது. திரையில் இடப்பக்கம் பிரெஞ்சு, வலப்பக்கம் ஆங்கிலம், வரி வரியாக. முன்பு எப்போதோ மொழிபெயர்த்த வரி மறுபடி வந்தால், மென்பொருளே பழைய ஆங்கிலத்தை எடுத்துப் போட்டு, சாம்பல் நிறமாக்கி, பூட்டுப் படம் ஒன்றையும் ஒட்டிவிடும். அதைத் தொட முடியாது. புதிய வரிகள் மட்டும் வெள்ளையாகத் திறந்திருக்கும். அவற்றை முடித்து அனுப்பினால் போதும், பூட்டிய வரியை யாரும் படிப்பதில்லை. இவள் படிப்பாள். அகராதி பிடித்தவள் ஆயிற்றே.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது, குளத்துத் தண்ணீரைத் தெளிய வைக்கும் வெள்ளைப் பொடியின் புதிய லேபிள். நானூறு வரி. அறுபதுதான் திறந்திருந்தது. காலையில் காப்பியோடு உட்கார்ந்து சாம்பல் வரிகளை மேய்ந்துகொண்டே வந்தவள், நூற்றுப் பதினெட்டாவது வரியில் நின்றாள்.

பிரெஞ்சு சொன்னது: எப்போதும் பொடியைத் தண்ணீரில் போடவும், ஒருபோதும் பொடியின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆங்கிலம் அதைத் தலைகீழாகச் சொன்னது. பொடியின் மேல் தண்ணீர் ஊற்றவும். ஒருபோதும் பொடியைத் தண்ணீரில் போடாதீர்கள்.

சின்ன விஷயமில்லை. வாளி நிறையத் தண்ணீரில் இந்தப் பொடியைப் போட்டால் சமர்த்தாகக் கரையும். பொடியின் மேல் தண்ணீர் விழுந்தால் சூடேறிச் சீறி, முகத்துக்கே எகிறும். எந்தப் பாவி செய்த வேலை என்று ஓரத்தில் பார்த்தாள். மொழிபெயர்த்தவரின் முதலெழுத்துகளும் தேதியும் அங்கே இருக்கும். எழுத்துகள் அவளுடையவை. ஒன்பது வருஷத்துக்கு முந்தைய தேதி. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம். வார்டுக்கு வெளியே பெஞ்சில், மடியில் கணினியை வைத்துக்கொண்டு செய்த வேலை.

அவளுக்குத் தம்பியின் ஞாபகம் வந்தது.

தம்பிக்கு ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் நீச்சல் குளத்தைப் பராமரிக்கும் வேலை. நாலு வருஷத்துக்கு முன்னால் வாளியிலிருந்து இதே கம்பெனியின் பொடி எகிறி அவன் இடது கண்ணில் அடித்தது. கண் இருக்கிறது, வெளிச்சம் இருட்டு தெரியும், வேறொன்றும் தெரியாது. 'கவனக்குறைவு' என்று மேனேஜர் எழுதிக் கையெழுத்து வாங்கினார். அதைவிடக் கொடுமை, கட்டுப் போட்ட கண்ணோடு கட்டிலில் கிடந்தவனை இவளும் சேர்ந்து திட்டினாள்.

"டப்பாவுல எழுதிருக்கறத ஒரு தடவையாவது படிச்சுப் பாத்தியாடா நீ?"

"படிச்சுட்டுத்தான்க்கா ஊத்துனேன்," என்றான் அவன்.

பொய் சொல்கிறான் என்று நினைத்தாள். அம்மாவிடம் அப்படியே சொல்லவும் செய்தாள்.

உடனே அவனுக்குப் போன் போட்டாள். "நான் வர்ற வரைக்கும் அந்தப் பொடியத் தொடாத," என்றாள். "வெள்ளிக்கிழமைதான்க்கா பொடி. ஏன், என்னாச்சு?" என்றான். வந்து சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள். லேபிளைத் திருத்திவிட்டு, 'தப்பு நடந்தது, சரிபண்ணியாச்சு' என்று சொல்லிக்கொண்டு போய் நிற்க ஆசை. வெறுங்கையோடு போக அவளுக்குத் தைரியமில்லை, அதுதான் உண்மை.

மொழிபெயர்ப்பு நிறுவனத்தில் இவளுக்கு வேலை ஒதுக்கும் பெண் மரியாதையானவள்தான். "பூட்டின வரி இந்த வேலையில சேராது மேடம். அது ஏற்கெனவே ஒப்புதல் ஆனது."

"அது தப்பும்மா. நான் செஞ்ச தப்பு. நானே சொல்றேன்ல?"

"புரியுது மேடம். ஆனா கம்பெனிதான் திறக்கச் சொல்லணும். எழுதிக் கேக்கறேன்."

எழுதிக் கேட்டாள். பொடிக் கம்பெனியில் சரிபார்க்கிறவர் புதிய ஆங்கிலத்தைப் பழைய ஆங்கிலத்தோடு ஒப்பிட்டார். இரண்டும் அச்சாக ஒன்றாக இருந்தன. 'முந்தைய லேபிளோடு ஒத்துப்போகிறது, மாற்றம் தேவையில்லை' என்று பதில் வந்தது. பிரெஞ்சை அவர் பார்க்கவே இல்லை. அவருக்கு பிரெஞ்சு தெரியாதாம்.

அவளும் விடவில்லை. நூற்றுப் பத்தொன்பதாவது வரி திறந்திருந்தது. அதில் தன் வேலையோடு ஒரு வாக்கியம் கூட்டி எழுதினாள்: பொடியின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். மறுநாள் அது சிவப்புக் கோடு போட்டுத் திரும்பி வந்தது. 'மேல் வரிக்கு முரணாக உள்ளது, நீக்கப்பட்டது.' அவள் சொல்லை, ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவளே எழுதியதைக் காட்டி வெட்டியிருந்தார்கள். யாரிடம் போய் முட்டிக்கொள்வது? முழுப் பெயர் போட்டு, தம்பியின் கண்ணைச் சொல்லி, நேராகக் கம்பெனிக்கே நீளமாகக் கடிதம் எழுதினாள். நன்றி சொல்லி, அடுத்த பதிப்பில் கவனிப்பதாக இரண்டு வரி வந்தது. அடுத்த பதிப்பு இரண்டு வருஷம் கழித்து. இப்போதையது வியாழக்கிழமையே அச்சுக்குப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வெறுங்கையோடுதான் போனாள்.

பம்ப் ரூம் குளத்துக்குப் பின்னால், நாலு படி கீழே. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் பிளாஸ்டிக் உறை போட்டு ஒரு தாள். விபத்துக்குப் பிறகு மேனேஜர் பெரிய எழுத்தில் அடித்து ஒட்டியதாம், லேபிளில் இருக்கிற வரியையே. அவள் தன் வாக்கியத்தை அங்கே படித்தாள்.

"இப்பல்லாம் ரொம்ப ஜாக்கிரதைக்கா," என்றான் தம்பி. "கண்ணாடி மாட்டிட்டுத்தான். வாளியில பொடியக் கொட்டிட்டு, தூரத்துல நின்னு பைப்பப் பிடிச்சுடுவேன். அப்படியும் சீறத்தான் செய்யுது."

"அது தப்புடா. தண்ணியிலதான் பொடியப் போடணும். பொடி மேல தண்ணி விழவே கூடாது. லேபிள்ல மாத்தி எழுதிருக்கு. அப்பவும் அப்படித்தான் இருந்துது."

அவன் தாளைப் பார்த்தான். கோபப்படுவான் என்று நினைத்தாள். அவன் முகமெல்லாம் சிரிப்பானது.

"அப்ப நான் ஒழுங்காத்தான் செஞ்சிருக்கேன்," என்றான். சட்டென்று போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டான். "இந்தா, கேட்டியா? என் மேல தப்பே இல்லையாம். டப்பாவுலயே தப்பாப் போட்டிருக்கான். அக்கா வந்து சொல்லுது. எந்தப் புண்ணியவான் எழுதினானோ, நாலு வருஷமாப் பழி என் தலையில."

"நான்தாண்டா," என்றாள் அவள். "நான்தான் எழுதினேன்."

போனில் மனைவியின் குரல், யார் எழுதியது, யார் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அவன் அக்காவைப் பார்த்தபடி நின்றான். சிரிப்பு போய்விட்டது.

"யாரோ வெளிநாட்டுக்காரனாம்," என்றான் போனில். "நமக்குத் தெரியாத ஆளு. வீட்டுக்கு வந்து சொல்றேன்."

போனைச் சட்டைப் பையில் போட்டான். வாளி சுத்தமாகத்தான் இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிக் கழுவினான். பிறகு விளிம்பு வரை தண்ணீர் பிடித்து வைத்தான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கரண்டியில் பொடியை அள்ளி, வாளியின் மேலே பிடித்தான்.

"முதல்ல தண்ணி, அப்புறம் பொடி. அவ்வளவுதானேக்கா?"

அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அவள் நின்றது அவனுக்கு இடது பக்கம்.

கரண்டியைப் பிடித்தபடியே அவன் காத்திருந்தான்.

"சொல்லுக்கா," என்றான்.