அஞ்சரைக் கட்டை

போன வாரம் எங்கள் பள்ளி ஸ்டாஃப் ரூமில் கணக்கு மிஸ் பஞ்சை ரிமூவரில் நனைத்து நகத்துச் சாயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் இன்ஸ்பெக்‌ஷன். சிவப்பு நகத்தோடு போனால் ஹெச்.எம். சும்மா விடமாட்டார். எனக்கு அந்த வாடை மூக்கில் ஏறியதுமே சோறு இறங்கவில்லை. டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு வராண்டாவுக்கு வந்துவிட்டேன். "என்னா பாட்டு மிஸ், மூணாவதா?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல், எல்லோரும் சிரித்தார்கள். இரண்டைப் பெற்று வளர்ப்பதற்குள்ளேயே எனக்குத் தலைமுடி பாதி கொட்டிவிட்டது, இதில் மூன்றாவது வேறு. நானும் சிரித்துவைத்தேன். எல்லாவற்றுக்கும் சிரித்து, ஆமாம் போட்டு, யார் மனமும் நோகாமல் நகர்ந்துவிடுவது என் சுபாவம். அது நல்ல குணம் என்று வெகு காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நெயில் பாலிஷ் என்றால் உங்களுக்குக் கல்யாண வீடு ஞாபகம் வரலாம். எனக்குச் சுருதிப் பெட்டி. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இசைக் கல்லூரியில் நான் வயலின், கடைசி வருஷம். பயிற்சிக்கு என்று ஒரு பழைய எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டி எங்களிடம் இருந்தது. பாடி முடிக்கிற வரை விடாமல் 'சா'வைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். பாடுகிறவரும் வாசிக்கிறவரும் அதைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். அந்த 'சா' எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைக் கட்டைக் கணக்கில் சொல்வோம். ஆண்களுக்குப் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை. பெண்களுக்கு நாலரை, ஐந்து. பெட்டியின் திருகைச் சுற்றினால் கட்டை ஏறும், இறங்கும். எங்கள் பெட்டியில் திருகைச் சுற்றியிருந்த எண்கள் எந்தக் காலத்திலோ தேய்ந்துபோயிருந்தன. அதனால் எங்கள் பாடகியின் கட்டை இருக்கும் இடத்தில் நான் என் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்தேன். திருகின் கோடு பொட்டுக்கு நேராக நின்றால் ஐந்தரை.

ஐந்தரை சாதாரணம் இல்லை. கல்லூரியிலேயே அந்தக் கட்டையில் பாடியவள் ரோஸ்லின் ஒருத்திதான். குருசுக்குப்பத்துப் பெண். அப்பா மில்லில் வேலை பார்த்தவர்; மில்லை மூடியதும் ஏ.டி.எம். காவலுக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசைக்குப் பாடிப் பாடியே வளர்ந்தவள், கர்நாடக சங்கீதம் படிக்கிறேன் என்று வந்து நின்றபோது வகுப்பில் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதில் ஒருத்தி நான். அவள் மேல் ஸ்தாயிக்குப் போய் நின்றதும் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த வாரமே அவள் பெஞ்சுக்கு மாறினேன். அப்புறம் மூன்று வருஷம் நாங்கள் பிரியவில்லை.

எங்கள் செட்டில் மூன்றாவது ஆள் முருகையன், மிருதங்கம். பாகூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். டவுன் பஸ்ஸில் மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு வருவான். மிருதங்கத்தின் இடது பக்கம் பூச ரவை வேண்டும் இல்லையா, அவன் அம்மா அதைத் தாராளமாகக் கட்டி அனுப்புவார். மிச்சத்தில் உப்புமா கிண்டினால் மூன்று பேருக்கு வரும் என்று ரோஸ்லின் தினமும் சொல்வாள். ஒரு நாளும் கிண்டியதில்லை.

கடைசி வருஷம் அரங்கத் தேர்வு என்று ஒன்று உண்டு. மேடையில் முக்கால் மணி நேரம் முழுக் கச்சேரி செய்து காட்ட வேண்டும். வெளியூரிலிருந்து தேர்வாளர் வருவார். பாடுகிறவளுக்கு எப்படியோ அப்படியே பக்கவாத்தியத்துக்கும் அதே மேடையில்தான் மதிப்பெண். ரோஸ்லின் பாடவில்லை என்றால் எனக்கும் முருகையனுக்கும் தேர்வு இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாங்கள் செய்தது முழுக்க முழுக்க அவள் மேலிருந்த பாசத்தால் என்று நீங்கள் நினைத்துவிடக்கூடாது.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்த முதல் நாள். கல்லூரியின் கடைசி அறையில் சாயங்கால ஒத்திகை. கல்யாணியில் மேல் பஞ்சமத்தைத் தொடப்போனவள் குரல் கிழிந்து நின்றாள். மறுபடி போனாள், மறுபடி கிழிந்தது. நான்காவது தடவை சுருதிப் பெட்டி மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள்.

"எனக்குக் கொரல் போச்சுடி. நான் தேர்வுக்கு வரல. நீங்க வேற யாரையாவது பாத்துக்குங்க."

"சளியா இருக்கும், ரோசு. மிளகு போட்டுக் குடி."

"சளிலாம் இல்ல. உள்ள என்னமோ புடிச்சு இழுக்குது."

அவள் போன பிறகு முருகையன் என்னைப் பார்த்தான். "கால் கட்டை எறக்கிடலாம். அவளுக்குச் சொல்ல வாணாம். ரெண்டு வாரத்துல கொரல் சரியாயிட்டா திரும்ப ஏத்திக்கலாம்" என்றான். எனக்கு அது அவ்வளவு நியாயமாகப் பட்டது. அடுத்த நாள் ரிமூவரைக் கொண்டுவந்து பழைய பொட்டை அழித்துவிட்டு ஒரு நூல் தள்ளிப் புதுப் பொட்டு வைத்தேன். நான் தந்தியை இறக்கினேன், அவன் மிருதங்கத்து வாரைத் தளர்த்தினான். பக்கவாத்தியம் சுருதி சேர்த்து முடித்த பிறகுதான் பாடுகிறவர் வந்து உட்காருவது எங்கள் வழக்கம். ரோஸ்லின் வந்தாள், உட்கார்ந்தாள், பாடினாள். பஞ்சமம் பிசிறில்லாமல் நின்றது. பாட்டை நிறுத்திவிட்டு என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். "வந்துச்சுடி! பாத்தியா, வந்துச்சு!" அந்த முகத்தைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல யாருக்கு வாய் வரும்? எனக்கு வரவில்லை.

குரல் சரியாகவில்லை. இரண்டு வாரத்தில் மறுபடி கிழிந்தது. மறுபடி ரிமூவர், மறுபடி பொட்டு. பங்குனி பிறப்பதற்குள் அரைக் கட்டை இறங்கியிருந்தோம், அதற்கப்புறம் முக்கால். பாடகிக்குத் தெரியாமலா போகும் என்று கேட்பீர்கள். ஒரேயடியாக இறக்கினால் தெரிந்திருக்கும். நாங்கள் இறக்கியது மயிரிழை மயிரிழையாக. வீட்டில் அவள் சாதகம் செய்ய வழியில்லை. ஒற்றை அறை வீடு, இரவுக் காவல் முடிந்து அப்பா பகலெல்லாம் அங்கேதான் படுத்துத் தூங்குவார். அவள் வாய் திறந்து பாடியது எங்கள் பெட்டியோடு மட்டும்தான். அந்தத் திருகை அவள் ஒரு நாளும் தொட்டதில்லை. எங்களை அவ்வளவு நம்பினாள்.

ஒரே ஒரு தடவை மாட்டியிருப்போம். ஈஸ்டருக்கு முன்னால் வரும் தவசு காலத்துத் திங்கட்கிழமை ஒன்றில் குழப்பமான முகத்தோடு வந்தாள். முந்தின நாள் பூசையில் வழக்கமாகப் பாடும் பாட்டின் உச்சி அவளுக்கு எட்டவில்லையாம். கோயிலில் கீபோர்டு வாசிப்பவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு சிப்பாய், எங்கள் ஊர் வழக்கில் சொல்தா. எல்லோரும் அவரை முசே என்றுதான் கூப்பிடுவார்கள். கீபோர்டின் சுருதியை யாரும் ரிமூவர் போட்டு நகர்த்த முடியாது இல்லையா.

"இங்க நல்லாத்தான பாடுறேன்? அங்க மட்டும் ஏன் எட்ட மாட்டுது?" என்றாள்.

அப்போது சொல்லியிருக்கலாம். எனக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குள் முருகையன் முந்திக்கொண்டான். "முசே எதுனா பட்டன தெரியாம அமுக்கி வச்சிருப்பாரு. கீபோர்டுல சுருதிய ஏத்துற பட்டன் ஒன்னு இருக்குது."

அவள் என்னைத்தான் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவளும் நிம்மதியாகத் தலையாட்டினாள். அடுத்த ஞாயிறு அந்தப் பாவப்பட்ட முசேயிடம் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தாள். அத்தோடு பாட்டுக் குழுவையும் விட்டாள்.

கடைசி வாரம் மொத்தம் ஒரு கட்டை இறங்கி நாலரையில் நின்றோம். அவ்வளவு இறக்கத்தை முருகையனின் மிருதங்கம் தாங்கவில்லை, தொளதொளவென்று பேசியது. தன் ஊரில் யாரிடமோ வேறொன்று இரவல் வாங்கி வந்தான். அவள் கேட்டதற்குப் பழையதில் தோல் போய்விட்டது என்றான். பொய் சொல்வதில் நாங்கள் இருவரும் நன்றாகத் தேறியிருந்தோம்.

அரங்கத் தேர்வு பிரமாதமாக நடந்தது. முன்வரிசையில் அவள் அப்பா காவலாளிச் சீருடையோடு உட்கார்ந்திருந்தார். வேறு நல்ல சட்டை இல்லை என்று இல்லை, அங்கிருந்து நேராக வேலைக்குப் போக வேண்டும். தேர்வாளர் முடிவில் மைக்கைப் பிடித்து, இந்த வயதில் இவ்வளவு கனமான சாரீரம் அபூர்வம் என்றார். மூன்று பேருக்கும் முதல் வகுப்பு. கடற்கரைச் சாலையில் ஐஸ்கிரீம் சாப்பிட்டோம். முருகையனும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவ்வளவுதான், தப்பித்தோம், இனிமேல் ஓய்வெடுத்தால் குரல் தானே ஏறிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் அவளுக்கு எச்சில் விழுங்கினால் உறுத்தியது. நான்தான் ஸ்கூட்டியில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது இதைத்தான்: "குரல்ல எதாவது மாத்தம் தெரியுதாம்மா? எறங்கியிருக்கா, கம்மியிருக்கா?"

ரோஸ்லின் சிரித்தாள். "நடுவுல கொஞ்சம் கிழிஞ்சுது சார், தானா சரியாயிட்டுது. போன மாசந்தான் முழுக் கச்சேரி பண்ணேன், அஞ்சரைக் கட்டையில. இவதான் வயலின், கேளுங்க."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். அந்த ஒரு நிமிஷத்தை நான் எத்தனையோ தடவை திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டேன். நாலரை சார் என்று ஒரு வார்த்தை. அவள் முகம் சுருங்கியிருக்கும், என்னோடு சண்டை போட்டிருப்பாள், பேசாமல்கூடப் போயிருப்பாள். போகட்டுமே.

"ஆமா சார்" என்றேன்.

குரல் நன்றாக இருக்கிறது என்றால் பயப்பட ஒன்றும் இல்லை என்று சொல்லி, வயிற்றுப் புளிப்புக்கு மாத்திரை எழுதினார். மாறினால் உடனே வரச் சொன்னார். அவளைப் பொறுத்தவரை மாறவில்லையே. எட்டு மாதம் மாத்திரை சாப்பிட்டாள். குரல் அடியோடு கரகரத்துப்போன பிறகுதான் கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தைராய்டில் புற்று, குரல் நரம்பைச் சுற்றிக்கொண்டு அதற்கப்பாலும் போயிருந்தது. எப்போதிலிருந்து குரல் இறங்க ஆரம்பித்தது என்று அங்கேயும் கேட்டார்கள். அவள் அப்பா, நாலு மாசமா என்றார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அறுவைக்குப் பிறகு தொண்டையில் குழாய் வைத்திருந்தார்கள். பேச முடியாது. கோடு போட்ட நோட்டில் எழுதிக் காட்டுவாள். ஒரு மத்தியானம் அவள் அப்பா டீ வாங்கப் போயிருந்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பொட்டு, ரிமூவர், தந்தி, முசே, மிருதங்கம் எல்லாம். அழுதது நான்தான். அவள் அழவில்லை. நோட்டை இழுத்து எழுதினாள்.

"அப்ப அன்னிக்கி மேடையில நான் பாடுனது எத்தினி கட்டை?"

"நாலரை."

நோட்டை மூடித் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்கப்புறமும் போனேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எனக்கென்று எதுவும் எழுதவும் இல்லை. அடுத்த மழைக்காலத்துக்குள் போய்விட்டாள். இருபத்துமூன்று வயது.

இப்போது அந்தக் கடைசி அறை இல்லை. இடித்துவிட்டு வண்டி நிறுத்த இடம் போட்டிருக்கிறார்கள். முருகையன் மிருதங்கத்தை விட்டுவிட்டான். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஷிஃப்டுக்குப் போகிறான். போன வருஷம் திடீரென்று வாட்ஸ்அப்பில் ஒரு பாட்டு அனுப்பினான். தேர்வு அன்று ரோஸ்லினின் அப்பா தன் போனில் பிடித்து வைத்திருந்தாராம். அவள் பாடியதில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். மகளின் குரல் என்று அவர் இன்னும் தினமும் கேட்பது அந்த நாலரையைத்தான். முருகையன் அதை வாங்கி ஏதோ ஒரு ஆப்பில் போட்டு ஒரு கட்டை ஏற்றியிருந்தான். கேட்டேன். என் வயலின் கொசு மாதிரி ரீங்கரித்தது. நடுவில் யாரோ ஒரு சின்னக் குழந்தை மூக்கால் பாடிக்கொண்டிருந்தது.

போன் செய்தேன். "இது அவ இல்லடா."

"தெரியும்" என்றான். பின்னால் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. "அவ நெஜமா அஞ்சரையில பாடுனா எப்பிடி இருக்கும்னு எனக்கு மறந்துபோச்சு. எவ்ளோ யோசிச்சாலும் வர மாட்டுது. உனக்கு ஞாபகம் இருக்குதா?"

"இருக்குதுடா" என்றேன். எனக்கும் மறந்துவிட்டது.