மூன்றாம் சிலிண்டரின் சூடு

டீசல் எஞ்சின் தொழிற்சாலையின் மாடியறையில் இருபது வருஷமாக அவள் பார்த்த வேலை, இல்லாத எஞ்சினை ஓட்டுவது. பிஸ்டன் ஏறுவதும் டீசல் எரிவதும் எல்லாம் கணினிக்குள்ளே, வெறும் கணக்காக. கீழே எஞ்சினைச் சோதிக்கும் மெக்கானிக் அவளுக்கு வைத்த பெயர் ‘காத்து மேடம்’.

அவர்களுடைய நாலு சிலிண்டர் லாரி எஞ்சினில், மூன்றாம் சிலிண்டரின் புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வு மட்டும் அடிக்கடி கருகியது. லாரிக்காரர்கள் வாயில் வந்தபடி திட்டினார்கள். "டிரைவருங்க ஒழுங்கா ஓட்டறதில்ல" என்று மேலாளர் கையைக் கழுவினார். அவள் கணக்கோ வேறு சொன்னது: அந்தச் சிலிண்டருக்குக் காற்று போதவில்லை, அதன் புகை மற்றதைவிட அறுபது டிகிரி கூடுதல் சூடு. ஆனால் கீழே அளந்தால் நாலும் ஒரே சூடு.

"உன் கணக்குல ஒரு திருத்தம் போட்டு அறுபதைக் கழிச்சிடும்மா. ஊரே அதைத்தானே செய்யுது?" என்றார் மேலாளர்.

அவள் கணவர் தையல்காரர். விஷயத்தைக் கேட்டவர், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "சட்டை பத்தலைன்னா டேப்பை வெட்டச் சொல்வாரு போல" என்றார்.

மறுநாள் அவளே கீழே இறங்கி, சூடு அளக்கும் கம்பியைக் கழற்றிப் பார்த்தாள். அதன் நுனி புகையைத் தொடவே இல்லை. குழாயின் சுவருக்குள் சுகமாகப் பதுங்கி, சுவரின் சூட்டையே அளந்துகொண்டிருந்தது. நாலும் அப்படியே.

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "நீட்டிவிட்டா ஒடிஞ்சிடுது மேடம். அதான் கொஞ்சம் பின்னால இழுத்து வச்சேன்."

"எப்பலேருந்து?"

"என் பொண்ணை ஸ்கூல்ல சேர்த்த வருஷத்துலேருந்து."

"அவ இப்ப என்ன பண்றா?"

"ரெண்டாவது குழந்தைக்குப் பேர் தேடிட்டிருக்கா."

கம்பியைச் சரியாக நீட்டி அளந்தார்கள். மூன்றாவது தொண்ணூறு டிகிரி அதிகம் காட்டியது.

"நீங்களும் முப்பது தப்பு மேடம்!" என்றார் மெக்கானிக், உயிர் திரும்பி வந்தவராக. அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

காற்றுக் குழாயின் வளைவை மாற்றி வரைந்தாள். முதல் வளைவில் இரண்டாம் சிலிண்டர் முரண்டு பிடித்தது. அடுத்த இரண்டும் குப்பைக்குப் போயின. நாலாவதில் எல்லாம் ஒரு வழிக்கு வந்தது. டீசல் செலவும் நூற்றுக்கு மூன்று குறைந்தது.

மேலாளர் இதற்குத் தன் ‘நீண்டநாள் தொலைநோக்கு’ என்று பெயர் சூட்டி, பதவி உயர்வும் வாங்கிக்கொண்டார். வாரத்தில் இரண்டு நாள் எஞ்சின் பக்கத்திலேயே வேலை செய்ய அவள் அனுமதி கேட்டாள், கிடைத்தது. அந்த நாட்களில் வீட்டில் டீசல் நாற்றம் என்று கணவர் மூக்கைப் பொத்துகிறார். அவள் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை.