கழுவிய அண்டா

கொல்லிமலையிலிருந்து இறங்கி நான்கு நாளாகிறது. எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. இந்த வாரம் சிரிக்கச் சிரிக்க வேறெதையோ எழுதுவதாக இருந்தேன்... அதை ஓரமாக வைத்துவிட்டேன். மன்னியுங்கள்.

எனக்கு ஒரு தோழி. சென்னையில் 'வின்டேஜ்' கடை வைத்திருக்கிறாள். பழைய சேலை, பழைய தூக்குச்சட்டி, பழைய மரப்பெட்டி — நம் வீட்டுப் பரணில் கிடந்தால் குப்பை, அவள் கடையில் லைட் போட்டு வைத்தால் கலை.

கொல்லிமலைக்குச் சேர்ந்து போன வழியெல்லாம் எனக்குப் பாடம் எடுத்தாள். இருபது வருஷம் தாண்டினால் வின்டேஜாம், நூறு தாண்டினால் ஆன்டிக்காம். ஆனால் வயசு மட்டும் போதாதாம். துணி என்றால் சாயம் மங்கியிருக்க வேண்டும். கறை இருந்தால் இன்னும் விசேஷம். பாத்திரம் என்றால் கரியும் களிம்பும் அப்படியே இருக்க வேண்டும். "யாரோ அதோட வாழ்ந்திருக்காங்கன்னு தெரியணும்டி. அதுதான் வேல்யூ" என்றாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நானும் மண்டையை ஆட்டினேன்.

நாங்கள் போனது, மலைமேல் எடப்புளி நாடு என்கிற ஊர்க்கூட்டத்தில் இருக்கும் செல்லம்மாக்கா வீட்டுக்கு. வருஷா வருஷம் நான் மிளகு வாங்குவது அவரிடம்தான். போன மாதம் என்னோடு வந்தபோது தோழி அங்கே இரண்டு பொருட்களைப் பார்த்து மயங்கிவிட்டாள். ஒன்று, அடுப்பில் இருந்த கரியேறிய பித்தளை அண்டா. இன்னொன்று, வாசலில் திரையாகத் தொங்கிய கிழிந்த நூல் சேலை. இரண்டையும் கொடுத்தால் ஒரு கிரைண்டர் வாங்கித் தருவதாகப் பேச்சு. ஆட்டுக்கல்லில் ஆட்டி ஆட்டி அக்காவுக்குத் தோள்பட்டை போய்விட்டது. கையைத் தூக்கித் தலைவாரக்கூட முடியவில்லை. அதனால்தான் சம்மதித்தார்.

கிரைண்டர் டிக்கியில். நாங்கள் வாசலில். அக்கா உள்ளேயிருந்து கொண்டுவந்து வைத்தார் பாருங்கள்...

அண்டா தகதகவென்று மின்னியது. உள்ளே புது ஈயம். விளிம்பில் இருந்த நசுங்கல் போன இடம் தெரியவில்லை. சேலையைத் துவைத்து, கிழிசலைத் தைத்து, கஞ்சி போட்டு மடித்திருந்தார். அண்டாவுக்குள் இரண்டு படி சாமை வேறு.

"கரியும் புகையுமாவா இன்னொருத்தரு ஊட்டுக்குக் குடுக்கறதுங்க? மலைக்குக் கீழ காளப்பநாயக்கன்பட்டிக்கு பஸ்ஸுல தூக்கிட்டுப் போயி பாய் கடையில ஈயம் பூசிட்டு வந்தனுங்க. வெறும் பாத்தரமாவும் குடுக்கக் கூடாதுங்க, அதான் கொஞ்சம் சாமை."

வலிக்கிற தோளோடு அந்த அண்டாவைத் தூக்கிக்கொண்டு, அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் பஸ்ஸில் இறங்கி, ஏறி... நினைத்துப் பாருங்கள்.

தோழி அண்டாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: "இது அந்த அண்டா இல்லையே."

"என்ன பேசறே?" என்றேன்.

"நசுங்கல் எங்கே? கரி எங்கே? இது புதுசுடி. மாத்திட்டாங்க."

அக்காவின் முகம் சுண்டிப்போயிற்று. "அதேதானுங்க சாமி. பாய்தான் தட்டி நிமுத்திக் குடுத்தாருங்க" என்றார் மெதுவாக.

தோழி கொஞ்சம் இறங்கி வந்தாள். அதுதான் இன்னும் மோசம். "உங்களைச் சொல்லலைம்மா. நீங்க அப்பாவி. அந்தக் கடைக்காரர் உங்களை ஏமாத்தி வேற அண்டாவைக் குடுத்திருப்பார்."

அதுவரை குனிந்திருந்த அக்கா நிமிர்ந்தார்.

"பாயைச் சொல்லாதீங்க. எங்கப்பங் காலத்துல இருந்து அவங்க கடையிலதானுங்க குடுக்கறோம். கை வலிக்குதுன்னு அண்டாவைத் தானே தூக்கிட்டு வந்து என்னைய பஸ் ஏத்தி விட்டாருங்க அந்த மனுசன்."

இங்கேதான் நான் கத்தினேன். "அண்டாமேல இருக்கிற கரியை நம்புவே, அடுப்பு ஊதினவங்களை நம்ப மாட்டியா? அறிவிருக்கா உனக்கு?"

ஒரு பொருள் வின்டேஜ் ஆவதற்கு என்னதான் தகுதி? எனக்கு அன்றைக்குப் புரிந்தது. சொந்தக்காரர் அதைச் சீராட்டக் கூடாது. கழுவினால் மதிப்புப் போச்சு. கிழிசலைத் தைத்தால் போச்சு. ஏனம்மா, இத்தனை வருஷமாகத் தேய்த்து, தட்டி, ஈயம் பூசி வைத்ததால்தானே அந்த அண்டா உங்கள் கண்ணில் படுகிறவரை பிழைத்துக் கிடந்தது? 'யாரோ வாழ்ந்த அடையாளம்' வேண்டுமாம். அந்த 'யாரோ' நேரில் வந்து நின்றால் திருட்டுப் பட்டமாம். எரிகிறது எனக்கு.

என் கத்தலில் தோழி அரண்டுவிட்டாள். "சரி சரி, எடுத்துக்கறேன். கிரைண்டரை இறக்கிடலாம்" என்றாள்.

"வேண்டாமுங்க" என்றார் அக்கா. "நீங்க சந்தேகத்தோட எடுத்துட்டுப் போனா, அந்தக் கிரைண்டருல ஆட்டற மாவு எனக்குத் தொண்டையில எறங்காதுங்க."

கிரைண்டரை நான் வாங்கித் தருகிறேன் என்றேன். அதுவும் வேண்டாம் என்று கையை அசைத்தார். அந்த வலிக்கிற கையைத்தான்.

சாமையை ஒரு பையில் கொட்டி எங்களுக்கே கொடுத்தார். அண்டாவைக் கொண்டுபோய் அடுப்பில் ஏற்றி, தண்ணீர் ஊற்றி, மரவள்ளிக்கிழங்கை நறுக்கிப் போட்டார். "உக்காருங்க அம்மிணி, சாப்புடாமப் போகாதீங்க" என்று என்னிடம் சொன்னார். விறகு நன்றாகப் பற்றிக்கொண்டது. புது மினுக்கலின்மேல் புகை படிய ஆரம்பித்தது.

தோழி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என் காதோரம் குனிந்து, "ஒரு வருஷத்துல பழையபடி ஆயிடும் இல்லடி? அப்ப வந்து கேட்டுப் பாக்கலாமா?" என்றாள்.

அக்காவுக்குக் காது கூர்மை. அடுப்புக்குள் விறகைத் தள்ளிவிட்டபடி, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"வாங்க கண்ணு. வந்தா கெழங்கு வேக வெச்சுத் தாரேன்."