சாரலைக் காணாத செயற்கைக்கோள்

வானத்திலிருந்து பார்க்கும் கருவிக்குத் தெரியாத மழை பூமியில் பெய்யாது என்று எங்கள் வீட்டில் நம்பினார்கள். தம்பி வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்தில், செயற்கைக்கோளின் நுண்ணலைக் கருவி தரும் அளவுகளிலிருந்து மழையைக் கணக்கிடும் வேலையில் இருந்தான். அவன் அனுப்பிய மழை வரைபடம் ஒன்று கண்ணாடி போடப்பட்டு, கூடத்துச் சுவரில் சாமி படங்களுக்கு நடுவே தொங்கியது. வெள்ளிக்கிழமைகளில் அம்மா அதற்கும் குங்குமம் வைத்தாள். எங்கள் பள்ளத்தாக்கு அந்தப் படத்தில் கடுகளவுகூட இல்லை என்பது யாருக்கும் பொருட்டாக இல்லை.

சின்னமனூருக்குத் தெற்கே அப்பாவுக்குப் பன்னீர் திராட்சைப் பந்தல் இருந்தது. கொத்து பிடிக்கும் பருவத்தில் குமுளி மலையிலிருந்து சாரல் இறங்கினால் இலையின் அடியில் வெள்ளைப் பூஞ்சணம் பற்றும். உடனே மருந்து அடிக்காவிட்டால் அந்தப் போகம் போயிற்று. அந்த ஆண்டு ஆனியில் சாரல் தொடங்கியது. பக்கத்துத் தோட்டங்களில் மருந்து அடித்தார்கள். அப்பா தம்பிக்குப் போன் செய்தார்.

"உங்க பக்கம் மழையே காட்டலப்பா. பூஜ்யம்னுதான் வருது. இந்த ஈரம் இன்னைக்கோட போயிரும். மருந்த வீணாக்காதீக."

கொடியில் கிடந்த துணிகளை அள்ளிக்கொண்டு நனைந்தபடி வந்த அம்மா ரிசீவரை வாங்கினாள். "ஏலே, அப்ப என் தலையில சொட்டுறது என்னடா?"

"அது தூத்தல்மா. கணக்குல வராது."

அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கேட்டுக்க. உன் தலையே கணக்குல வராதாம்."

மருந்து அடிக்கவில்லை. சாரலும் ஓயவில்லை. கொத்துகள் பழுப்பேறிச் சுருங்கி, கை பட்டாலே உதிர்ந்தன. கண்ணெதிரே நனைந்த இலையை விட்டுவிட்டுத் தொலைபேசியை நம்பிய புத்திசாலித்தனத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

தீபாவளிக்கு வந்த தம்பியிடம், அந்தச் சாரல் ஏன் தெரியவில்லை என்று கேட்டேன். மறைக்காமல் சொன்னான். கடலின் மேல் மழைத்துளியின் கதிர்வீச்சு தனியே தெரியுமாம். தரையோ தானே பிரகாசமாகக் கதிர்வீசுவதால் துளி அதற்குள் மறைந்துவிடுமாம். உயர்ந்த மேகங்களில் உள்ள பனித்துகள்கள் அந்தக் கதிர்வீச்சைச் சிதறடிப்பதை வைத்துத்தான் நிலத்து மழையை ஊகிக்கிறார்கள். மலைச்சாரலைத் தரும் தாழ்ந்த மேகத்தில் பனியே கிடையாது.

"இது தெரிஞ்சுமா பூஜ்யம்னு சொன்ன?"

"அப்பா எம்புட்டுப் பெருமையா கேட்டாக தெரியுமாக்கா? தெரியலன்னு எப்படிச் சொல்ல?"

அந்தப் பதிலையும் நான் மதிக்கவில்லை. ஆனால் அதைச் சொன்னபோது, சுவர்ப் படத்தின் கண்ணாடியில் இருந்த குங்குமத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டிருந்தான். மேலே கேட்க மனம் வரவில்லை.

அப்பா யாரையும் குறை சொல்லவில்லை. "மேல இருந்து பாக்குறவனுக்கு ஆயிரம் சோலி" என்றார். கொடி நறுக்கும் அடுத்த கவாத்துக்கு ஆள் கூப்பிடாமல், கொடிகளை அடியோடு வெட்டிச் சாய்த்தார். பந்தலைத் தாங்கிய கல்தூண்களை மட்டும் விட்டுவைத்தார்.

இப்போது அவர் இல்லை. தம்பி ஞாயிறுதோறும் போன் செய்கிறான். சாப்பிட்டாயா என்பதற்கு மேல் அம்மா எதுவும் கேட்பதில்லை, மழையைப் பற்றிக்கூட. தோட்டத்து வீட்டில் அம்மாவும் நானும் இருக்கிறோம்.