பூங்கொடி கேட்ட கழிப்பறை

ஓசூரில் பூங்கொடிக்கு அவள் அப்பா எழுதிவைத்துப்போன வீடு எண்பது வருஷத்துப் பழசு. கல்பலகைக் கூரை, தேக்குத் தூண், நடுவில் முற்றம். கழிப்பறை மட்டும் புழக்கடைக் கோடியில். ஸ்கூட்டியிலிருந்து விழுந்து முட்டியில் தகடு வைத்தபிறகு, அவ்வளவு தூரம் நடப்பதும் அங்கே குந்தி உட்காருவதும் அவளுக்கு நரகமாகிவிட்டன. பொழுது சாய்ந்தால் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாள்.

2006-ல் வீட்டைப் புதுப்பிக்கலாம் என்று கணவன் மாதவன் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். படுக்கையறையை ஒட்டி, உட்காரும் வசதியோடு ஒரு கழிப்பறை. "கண்டிப்பா" என்றான். அவன் ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். வினையே அதுதான்.

கம்பெனி ஒழுங்கையெல்லாம் கொண்டுவந்து வீட்டுக்குள் இறக்கினான். முற்றத்துக் கல்தரையில் மஞ்சள் கோடு இழுத்து, இதற்குள்தான் நடக்கவேண்டும் என்றான். அடுக்களைச் சுவரில் கரண்டிகளின் உருவத்தை வரைந்து, அததன் மேல் அதது தொங்கவேண்டும் என்றான். டப்பாவுக்கு டப்பா லேபிள். உப்பு என்று எழுதி ஒட்டினால்தான் இருபது வருஷமாகச் சமைக்கிறவளுக்கு உப்பு தெரியுமாக்கும்! ஹாலில் ஒரு வெள்ளைப் பலகை வேறு. ஞாயிறுதோறும் அதன் முன்னால் மீட்டிங் நடக்கும். உட்கார்ந்து கேட்க அவள் ஒருத்திதான்.

ஏழு மாதத்தில் ஃபால்ஸ் சீலிங் வந்தது, டிவி அலமாரி வந்தது. படுக்கையறையை ஒட்டிய சாமான் அறை மாதவனின் கம்ப்யூட்டர் அறை என்று முடிவானது. பலகையில் கழிப்பறைக்கு நேராக 'ஆய்வில்' என்றே இருந்தது. ஆண்டி மடம் கட்டின கதைதான். பூங்கொடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏங்க, எப்பதான் ஆரம்பிப்பீங்க?"

"எல்லாத்துக்கும் ஒரு ப்ராசஸ் இருக்கு பூங்கொடி. அவசரப்பட்டா குவாலிட்டி போயிரும்."

ஐப்பசி மழையில் ஒருநாள் காலை புழக்கடைக்குப் போகும்போது முற்றத்தில் வழுக்கி விழுந்தாள். நல்லவேளை, எலும்பு தப்பியது. அவளைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்த மாதவன் நேராகப் பலகைக்குப் போனான். 'விபத்து: ஒன்று' என்று எழுதித் தேதி போட்டான். சேலை சொட்டச் சொட்ட அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வரவில்லை. அந்த மனுஷன்மேல் இருந்த பொறுமை மொத்தமும் அன்றைக்குத் தீர்ந்துபோனது.

மறுநாள் அவன் கம்பெனி பஸ் ஏறியதும் கொத்தனார் கருப்பசாமியை வரவழைத்தாள். சாமான் அறையைக் கழிப்பறையாக்க, படுக்கையறைக்கும் அதற்கும் நடுச்சுவரில் கதவளவு இடிக்கச் சொன்னாள்.

"மேல கல்பலகை நிக்குதும்மா, பாத்துதான் ஒடைக்கணும்" என்று முட்டுக்கொடுத்துவிட்டு அவர் வேலையைத் தொடங்கினார்.

சாயங்காலம் வந்த மாதவன் பாதி இடிந்த சுவருக்கு முன்னால் திகைத்து நின்றான்.

"யாரக் கேட்டு இடிச்ச?"

"ஏழு மாசமா ஒங்களத்தான் கேட்டேன்" என்றாள் பூங்கொடி. "இன்னிக்கு யாரையும் கேக்கல."

கருப்பசாமி சுத்தியலைத் தாழ்த்திக்கொண்டு மாதவனின் முகத்தைப் பார்த்தார்.

"அவர எதுக்குப் பாக்கறீங்க? நீங்க இடிங்கண்ணா" என்றாள் அவள்.